ஒரே பானை சூப், இரண்டு உப்பு: ஒரு மதியம், ஐந்து மேசைகள்

நாற்பது பேர் உட்காரக்கூடிய உணவகம். சனிக்கிழமை மதியம், 12 மணி முதல் 3:30 வரை. சாப்பிட்டுப் போனவர்களில் ஐந்து மேசைக்காரர்கள் நட்சத்திரம் போட்டு இரண்டு மூன்று வரி எழுதிவிட்டுப் போனார்கள். அந்த வரிகளை அடுத்தடுத்துப் படித்தால், ஐந்து பேரும் ஒரே கடையில்தான் சாப்பிட்டார்களா என்று சந்தேகம் வரும்.

இது ஒரு மாதிரி நிகழ்வு. எந்த ஒரு கடையையும் குறிப்பதல்ல. பல சிறிய உணவகங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் கோளாறுகளை ஒரே மதியத்துக்குள் கொண்டுவந்து, கணக்குப் போட்டுப் பார்க்க வசதியாக எண்கள் கொடுத்திருக்கிறோம். கோளாறுகளும் அவற்றின் காரணங்களும் நிஜம்.

அன்றைய கருத்துகள், உட்கார்ந்த நேரப்படி:

முதல் மேசை, 12:20, இருவர், 4 நட்சத்திரம்: "சூப் கொதிக்கக் கொதிக்க வந்தது, ஆனா சப்புன்னு இருந்தது. உருளைக்கிழங்கு வறுவல் பிரமாதம்."

இரண்டாம் மேசை, 1:15, ஆறு பேர் கொண்ட குடும்பம், 2 நட்சத்திரம்: "நாலு தட்டு வந்தது, மீதி ரெண்டுக்கு இன்னும் பத்து நிமிஷம் காத்திருந்தோம். வறுவல் நமுத்துப் போயிருந்தது. நேத்து வறுத்ததைப் பழைய எண்ணெயில போட்டு எடுத்துக் கொடுத்திருக்காங்க."

மூன்றாம் மேசை, 1:30, இருவர், 2 நட்சத்திரம்: "மீன்ல ருசியே இல்ல. எதுலயும் இல்ல. மட்டமான சரக்கா வாங்குறாங்க போல."

நான்காம் மேசை, 2:10, நால்வர், 3 நட்சத்திரம்: "சாப்பாட்டுல குறை சொல்ல முடியாது. ஆனா மொத்தத்துல சுமார்தான். மறுபடி வருவோமான்னு தெரியல."

ஐந்தாம் மேசை, 2:40, ஒருவர், 2 நட்சத்திரம்: "சூப்ல உப்பு கரிக்குது. கோழி வறண்டு நார் நாரா இருந்தது. சமைக்கத் தெரியாதவங்க சமைச்சிருக்காங்க."

சராசரி 2.6. முதலாளி இதைப் படித்ததும் வழக்கமாக இரண்டில் ஒரு முடிவுக்கு வருவார். ஒன்று, "நாக்குக்கு நாக்கு மாறும், ஒருத்தருக்கு உப்பு கம்மி, ஒருத்தருக்கு ஜாஸ்தி" என்று ஒதுக்கிவிடுவது. இல்லையென்றால் சமையற்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவது. இந்த மதியத்தைப் பொறுத்தவரை இரண்டுமே தவறு. சமையற்காரர் காலையில் போட்ட உப்பு சரி. வாங்கிய சரக்கு நல்லது. எண்ணெய் புதுசு. அப்படியிருந்தும் ஐந்து மேசைகளும் உணர்ந்தது அத்தனையும் உண்மை.

சாப்பிட்டவர் எழுதும் கருத்தில் இரண்டு பாகம் கலந்திருக்கும். ஒன்று அவர் உணர்ந்தது: கரித்தது, நமுத்தது, வறண்டது, ருசி இல்லை. மற்றது அவர் ஊகித்த காரணம்: பழைய எண்ணெய், மட்டமான சரக்கு, சமைக்கத் தெரியாதவர். முன்னதை அப்படியே நம்பலாம், வாயில் வைத்தவர் அவர்தான். பின்னதை அப்படியே ஒதுக்கலாம், அடுப்படியில் நடந்ததை அவர் பார்க்கவில்லை. இரண்டையும் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆர்டர் சீட்டில் உள்ள நேரத்தை எழுதினால் முரண்பாடுகள் ஒவ்வொன்றாக அவிழும்.

சூப்

முதலில் உப்பு. 12:20க்குச் சப்பென்று இருந்த சூப்பும் இரண்டரை மணி நேரம் கழித்துக் கரித்த சூப்பும் ஒரே பானையிலிருந்து வந்தவை.

காலை 11:30க்கு 10 லிட்டர் சூப்பில் 80 கிராம் உப்பு போட்டு இறக்கினார்கள். லிட்டருக்கு 8 கிராம், பெரும்பாலான நாக்குக்குப் பொருந்தும் அளவு. அதன்பின் பானை மூடியில்லாமல் சிறுதீயில், ஓரங்களில் லேசாகக் கொதித்தபடியே இருந்தது. அகலமான பானை அந்த நிலையில் மணிக்கு 0.6 லிட்டர் தண்ணீரை ஆவியாக விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு பானையிலேயே தங்கிவிடும்.

12:20க்குப் பானையில் 9.5 லிட்டர் இருந்தது. லிட்டருக்கு 8.4 கிராம் உப்பு, இன்னும் சரியான அளவுதான். அங்கிருந்து 2:50 வரை 250 மில்லி கிண்ணங்களாக 24 கிண்ணம் போயிற்று, அதாவது 6 லிட்டர். கூடவே 1.5 லிட்டர் ஆவியாயிற்று. மிச்சம் 2 லிட்டர். அதில் உப்பு லிட்டருக்குச் சுமார் 11.5 கிராம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. உப்பு ஒரே சீராக ஏறவில்லை. நேரான பக்கங்கள் உள்ள பானையில் சூப் குறைந்தாலும் மேற்பரப்பு அதே அகலம்தான், ஆகவே ஆவியாகும் அளவும் ஏறக்குறைய அதேதான். பானையில் 9 லிட்டர் இருக்கும்போது மணிக்கு 0.6 லிட்டர் போனால் பதினைந்தில் ஒரு பங்கு. 3 லிட்டர் இருக்கும்போது அதே 0.6 லிட்டர் ஐந்தில் ஒரு பங்கு. அதனால் முதல் ஒன்றரை மணி நேரம் பெரிய வித்தியாசம் தெரியாது. கடைசி ஒரு மணி நேரத்தில் உப்பு கிடுகிடுவென்று ஏறும். சமையற்காரர் 1 மணிக்கு ருசி பார்த்துச் "சரியாத்தான் இருக்கு" என்று சொன்னதும் உண்மை, 2:50க்குக் குடித்தவர் முகம் சுளித்ததும் உண்மை.

ஒரு கிண்ணத்துக்குக் கணக்கிட்டால் 12:20க்கு 2.1 கிராம் உப்பு, 2:50க்கு 2.9 கிராம். பெரியவர்கள் நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் கீழே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு கிண்ணம் சூப்பிலேயே அதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. இது ருசியோடு மட்டும் முடிகிற விஷயம் இல்லை.

அப்படியென்றால் முதல் மேசைக்கு ஏன் சப்பென்று இருந்தது? அவர்களே எழுதியிருக்கிறார்கள்: கொதிக்கக் கொதிக்க வந்தது. கொதிக்கும் பானையிலிருந்து நேராகக் கிண்ணத்தில் ஊற்றி உடனே கொண்டுபோனால் மேசையில் 80 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே இருக்கும். அந்தச் சூட்டில் நாக்கு முதலில் சூட்டைத்தான் கவனிக்கும், உப்பும் மணமும் பின்னுக்குப் போய்விடும். கிண்ணம் பாதியானதும் ஆறி, உப்பு சரியாகவே தெரிந்திருக்கும். ஆனால் முதல் கரண்டியிலேயே தீர்ப்பு எழுதியாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் பானங்களை அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்ற வகையில் சேர்த்தது. மேசைக்கு வரும்போது சூப் 65 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் வாய்க்கும் நல்லது, உப்பும் தெரியும்.

சரிசெய்வது எளிது, ஆனால் செய்கிற விதத்தில் ஒரு பொறி இருக்கிறது. "தண்ணீர் குறைஞ்சதுதானே, ஊத்திட்டாப் போச்சு" என்று கடைசியில் ஊற்றினால் சூப் கெட்டுவிடும். கணக்கைப் பாருங்கள். 2:50க்கு, 24 கிண்ணம் போனபின் பானையில் 4 லிட்டர் இருந்திருக்க வேண்டும். இருப்பது 2. குறையும் 2 லிட்டரை வெந்நீராக ஊற்றினால், மிச்சமிருக்கும் 23 கிராம் உப்பு 4 லிட்டரில் பரவி, லிட்டருக்கு 6 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். ஏனென்றால் இடையில் போன கிண்ணங்கள் தங்கள் பங்குக்கு மேல் உப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டன. 48 கிராம் போக வேண்டிய இடத்தில் 57 கிராம் போயிற்று. கரித்த சூப் சப்பென்று ஆகும், அடுத்து வருபவர் அதையும் எழுதுவார்.

ஆகவே வெந்நீரை அரை மணிக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும். பானையின் உள்பக்கம் லிட்டர் கோடுகள் இருக்கட்டும். போன கிண்ணங்களை எண்ணி, தொடக்க அளவிலிருந்து கழித்தால் இருக்கவேண்டிய அளவு கிடைக்கும். அதற்குக் குறைவாக இருக்கிற அளவுக்கு வெந்நீர். இதைவிடவும் நல்லது மூடி போடுவது. மூடி போட்டு, கொதிக்கவிடாமல் சுடுநீர்த் தொட்டியில் 70 டிகிரி அளவில் வைத்தால் ஆவியாவது பெருமளவு குறையும், மேசைக்குச் சரியான சூட்டிலும் போகும். சூட்டை மிகவும் தணித்துவிடவும் கூடாது. கிருமி பெருகாமல் இருக்கச் சமைத்த உணவைச் சூடாக வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச வெப்பம் அமெரிக்க விதியில் 57 டிகிரி, பிரிட்டன் விதியில் 63. 65க்கு மேல் வைத்தால் இரண்டுக்கும் பொருந்தும். மதியக் கூட்டம் நீளமாக இருக்கும் கடைகளில் 10 லிட்டர் ஒரே பானைக்குப் பதில் 5 லிட்டர் இரண்டு பானை வைத்து, இரண்டாவதை 1:15க்கு இறக்குவதே எங்கள் பரிந்துரை.

ருசி பார்ப்பதிலும் ஒரு விதி வேண்டும். கொதிக்கும் கரண்டியிலிருந்து பார்க்கக் கூடாது. சிறு கிண்ணத்தில் எடுத்து ஒரு நிமிடம் ஆறவிட்டு, வாடிக்கையாளர் குடிக்கும் சூட்டில் பார்க்க வேண்டும்.

வறுவல்

இரண்டாம் மேசை சொன்ன காரணம் பழைய எண்ணெய். இதைச் சரிபார்க்க எண்ணெயைச் சோதிக்கவே வேண்டியதில்லை. முதல் மேசை "பிரமாதம்" என்றது அதே எண்ணெயில் ஒரு மணி நேரத்துக்கு முன் பொரித்த வறுவலைத்தான். ஒரு மணி நேரத்தில் எண்ணெய் அவ்வளவு கெடாது. மாறியது இரண்டு: சட்டியில் ஒரே நேரத்தில் போட்ட அளவு, பொரித்தபின் காத்திருந்த நேரம்.

அளவை முதலில் பார்ப்போம். 8 லிட்டர் எண்ணெய், 180 டிகிரி. இதில் ஒரு தடவைக்கு 1 கிலோ உறைந்த கிழங்கு போடலாம். ஆறு பேருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல், பக்கத்து மேசைக்கு இன்னொரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, கூட்ட நேரம் என்பதால் 2 கிலோவையும் ஒன்றாகப் போட்டார்கள். சூடு 150க்கும் கீழே இறங்கியது, மறுபடி ஏற நிமிடங்கள் ஆயின. கிழங்கின் மேல்தோல் மொறுமொறுப்பாவது, அதிலுள்ள தண்ணீர் வேகமாகக் கொதித்து வெளியேறி மேற்பரப்பு உலர்வதால். எண்ணெயின் சூடு குறைந்தால் அந்தத் தோல் தடிப்பாக உருவாகாது. உள்ளே ஈரம் அப்படியே நிற்கும்.

எண்ணெய் குடிப்பதைப் பற்றி ஒரு சின்ன விளக்கம், ஏனென்றால் "ஒரே எண்ணெய்ப் பிசுக்கு" என்ற குறையும் இதோடு சேர்ந்தே வரும். கிழங்கு எண்ணெய்க்குள் கொதிக்கும்போது வெளியேறும் ஆவி எண்ணெயை உள்ளே விடாது. எண்ணெயில் பெரும்பகுதி உள்ளே போவது வெளியே எடுத்தபிறகுதான். ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் கூடையைத் தூக்கிய உடனே, ஆறுவதற்குள், நன்றாக உதறி வடிகட்ட வேண்டும். கூட்ட நேரத்தில் முதலில் விட்டுப்போவது இந்த உதறல்தான்.

அடுத்து காத்திருப்பு. ஆர்டர் சீட்டு அடுப்படிக்குப் போனது 1:21. நான்கு மீன், இரண்டு கோழி, எல்லாவற்றோடும் வறுவல். சீட்டைப் பார்த்ததும் கிரில், ஃப்ரையர் இரண்டும் 1:23க்கு ஒன்றாக ஆரம்பித்தன. வறுவல் 5 நிமிடத்தில் 1:28க்குத் தயார். மீன் 8 நிமிடம், 1:31. கோழி கிரில்லில் 14 நிமிடம், இறக்கியபின் சாறு உள்ளே நிலைக்க 4 நிமிடம், ஆக 1:41. மீன் தட்டுகள் நான்கும் 1:32க்குப் போயின. கோழித் தட்டுகள் 1:42க்கு. கோழியோடு போன வறுவல் 14 நிமிடம் மேடையில் உட்கார்ந்திருந்தது. வறுவலின் மொறுமொறுப்புக்கு ஆயுள் ஐந்து முதல் ஏழு நிமிடம்தான், அதன்பின் உள்ளே இருக்கும் ஈரம் தோலுக்கு வந்து நமுத்துவிடும். மூடி வைத்தால் இன்னும் சீக்கிரம்.

யாரும் சோம்பலாக இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் உடனே ஆரம்பித்ததுதான் தவறு. மெதுவாக வேகும் பொருளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கோழி 1:23. மீன் 1:33. கோழி 1:37க்குக் கிரில்லை விட்டு இறங்கும் நேரத்தில் வறுவல் எண்ணெய்க்குள் போக வேண்டும், இரண்டு தடவையாகப் பிரித்து, முதல் தடவை 1:32க்கே தொடங்கி. ஃப்ரையரில் இரட்டைக் கூடையும் இரட்டைத் தொட்டியும் இருந்தால் இந்தப் பிரிப்பும் வேண்டாம். ஆறு தட்டும் 1:42க்கு ஒன்றாகப் போகும். கடைசித் தட்டின் நேரம் மாறவே இல்லை. முதல் நான்கு தட்டு பத்து நிமிடம் தாமதமாகிறது, அவ்வளவுதான். ஒரு குடும்பம் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, நாலு பேர் தட்டைப் பார்த்துக்கொண்டு, ரெண்டு பேர் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்த 20 நிமிடத்தில் சூப்பும் ரொட்டியும் போய்விட வேண்டும், 1:27க்குள். மேலாண்மை அறிஞர் டேவிட் மைஸ்டர் 1985இல் வரிசையில் காத்திருப்பதன் உளவியல் பற்றி எழுதியவை இன்றும் உணவகங்களுக்கு அப்படியே பொருந்துகின்றன: கையில் வேலை இருந்தால் காத்திருப்பு சுருங்கும், சும்மா இருந்தால் நீளும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும், காரணம் சொல்லாத காத்திருப்பும் இன்னும் நீளும். பரிமாறுபவர் "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிப் பத்து நிமிடம் ஆக்குவதற்குப் பதில், "கோழிக்கு இருபது நிமிஷம் ஆகும், எல்லாம் ஒண்ணா கொண்டு வரட்டுமா?" என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்டிருந்தால் இந்த இரண்டு நட்சத்திரம் வந்திருக்காது.

கோழி

இதற்குச் சுருக்கமான விடை போதும், ஆர்டர் சீட்டே காட்டிக்கொடுக்கிறது. ஐந்தாம் மேசையின் சீட்டு 2:46. கோழித் தட்டு போனது 2:51. பதினெட்டு நிமிடம் ஆகும் கோழி ஐந்து நிமிடத்தில் வந்தால், அது அப்போது வெந்ததல்ல. கூட்ட நேரத்தில் தேவைப்படும் என்று 1:45க்கு ஆறு துண்டு கூடுதலாகச் சுட்டு, சூட்டுப் பெட்டியில் 65 டிகிரியில் வைத்திருந்தார்கள். பாதுகாப்பில் குறை இல்லை. கோழியின் நடுப்பகுதி 74 டிகிரி தொட்டது, பெட்டியும் போதிய சூட்டில் இருந்தது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் சூட்டில் இருந்த நெஞ்சுக்கறி சாற்றை விட்டுக்கொண்டே இருக்கும், மேற்பரப்பும் காயும்.

அன்று மிக விரைவாகச் சாப்பாடு கிடைத்தவர் இவர்தான். அவசரமாகக் கேட்டாரா என்றால், இல்லை. தனியாக, கூட்டம் கலைந்த நேரத்தில் வந்தவருக்குப் பதினெட்டு நிமிடம் ஒரு சுமையாக இருந்திருக்காது. கூட்டம் குறையும் நேரத்துக்கு அரை மணி முன்பே, இங்கே 1:30 அளவில், கூடுதலாகச் சுடுவதை நிறுத்த வேண்டும். மிஞ்சிய துண்டுகளை முழுத்துண்டாகப் பரிமாறாமல் மெல்லியதாக அரிந்து குழம்பிலோ சூப்பிலோ சேர்த்தால் வறட்சி தெரியாது. அதுவும் அன்றைக்கே.

மூன்றாம் மேசையின் மீன்

இதுதான் ஐந்திலும் கடினமானது, "மட்டமான சரக்கு" என்ற ஊகம் உடனே நம்பத் தோன்றுவதும் இதில்தான். ஆனால் மூன்றாம் மேசையின் மீன் வந்தது இரண்டாம் மேசைக்குப் போன அதே தட்டத்திலிருந்து, அதே சாஸோடு, பதினெட்டு நிமிட இடைவெளியில். இரண்டாம் மேசை அத்தனை ஆத்திரத்தோடு எழுதியிருக்கிறது. வறுவலைச் சொல்லியிருக்கிறது, தாமதத்தைச் சொல்லியிருக்கிறது. மீனைப் பற்றி ஒரு சொல் இல்லை. கோபத்தில் இருப்பவர் குறை சொல்லாமல் விட்டது வலுவான சாட்சி.

மேசையைப் போய்ப் பார்த்தால் விடை கிடைக்கும். மேலே ஒலிபெருக்கி, பின்னால் அடுப்படிக் கதவு, பக்கத்தில் எக்ஸாஸ்ட் விசிறி. கூட்ட நேரத்தில் அங்கே சத்தம் 84 டெசிபல், எதிர் மூலையில் 68. சத்தம் ருசியைக் குறைக்கும் என்பது கற்பனை அல்ல. பிரிட்டனில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், காதில் உரத்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டவர்களுக்கு உப்பும் இனிப்பும் குறைவாகத் தெரிந்தன, கடிக்கும்போது வரும் மொறுமொறுப்பு கூடுதலாகத் தெரிந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2015இல் விமான இரைச்சலை வைத்துச் செய்த ஆய்விலும் இனிப்பு மங்கியது, தக்காளி, காளான் வகைகளில் இருக்கும் உமாமி சுவை மட்டும் கூடியது. மூன்றாம் மேசைக்குப் போனது எலுமிச்சை பிழிந்த, மென்மையான வெள்ளை மீன், சத்தத்தில் முதலில் அடிபடும் வகை. பேச்சுக் கேட்காமல் கத்திக்கொண்டு, அவசர அவசரமாக விழுங்குகிறவர் மெல்லுவதும் குறைவு, மணம் மூக்குக்கு ஏறுவதும் குறைவு.

கூட்டம் ஏறும்போது சத்தம் தானாகவே ஏறும். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள் என்பதை பிரெஞ்சுக் காது மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் 1911லேயே விவரித்தார். ஒரு மேசை குரலை உயர்த்தினால் பக்கத்து மேசையும் உயர்த்தும். பல கடைகளில் அந்த நேரத்தில் பாட்டின் சத்தத்தையும் கூட்டிவைக்கிறார்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டும்: இருக்கை பாதிக்கு மேல் நிரம்பியதும் பாட்டைக் குறைக்க வேண்டும். ஒலிபெருக்கியை நடை பாதைக்கு மேல் நகர்த்துவது, பாத்திரம் போடும் தொட்டிக்கு அடியில் ரப்பர் விரிப்பு, அடுப்படிக் கதவுக்குத் தானே மூடும் கீல், இவை பெரிய செலவு இல்லாதவை.

"சுமார்தான்"

நான்காம் மேசை எந்தக் குறையும் எழுதவில்லை. இப்படிப்பட்ட கருத்தைத்தான் முதலாளிகள் முதலில் தாண்டிப் போவார்கள், எங்களுக்கோ இதுதான் மிகவும் கவலை தருவது. குறை சொல்பவர் திரும்பி வரக்கூடும். "சுமார்" என்பவர் சத்தமில்லாமல் வராமல் இருந்துவிடுவார்.

சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சூடாக இருந்தது, சத்தமில்லாத மூலை. பில் கேட்டது 3:00. பணம் கட்டி எழுந்தது 3:19. கார்டு மெஷின் ஒன்றுதான், அது கல்லாவில் சார்ஜில் இருந்தது. பரிமாறுபவர் இருவரில் ஒருவர் சாப்பிடப் போயிருந்தார், மற்றவர் மாலைக்கு மேசை அடுக்கிக்கொண்டிருந்தார்.

உளவியலாளர் டேனியல் கானமனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறது. 14 டிகிரி குளிர்நீரில் ஒரு கையை 60 விநாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை அதே 60 விநாடியோடு, தண்ணீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும் 30 விநாடியும் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது 32 பேரில் 22 பேர் நீளமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம், ஆனால் முடிவு சற்று இதமாக இருந்தது. சாப்பாடும் குளிர்நீரும் ஒன்றல்ல. ஆனாலும் நினைவு உச்சத்தையும் முடிவையும் வைத்தே கணக்குப் போடுகிறது என்பதை ஒவ்வொரு உணவகமும் பில் நேரத்தில் நிரூபித்துக்கொண்டே இருக்கிறது. ஐம்பது நிமிட நல்ல சாப்பாட்டைப் பத்தொன்பது நிமிடம் அழித்துவிட்டது, எழுதியவருக்கே காரணம் தெரியாமல்.

இனிப்பு பரிமாறும்போதே பில்லை அச்சடித்துத் தயாராக வைப்பது, மெஷினை மேசைக்குக் கொண்டுபோவது, 2:30க்குப்பின் பில்லுக்கு மட்டும் ஒருவரைப் பொறுப்பாக்குவது. இதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை.

2.6 எதைச் சொல்கிறது

ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கடையைப் பாதிக்கும். ஹார்வர்டின் மைக்கேல் லூகா 2011இல் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து, ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்று கண்டார். அந்த விளைவு தனிக் கடைகளுக்குத்தான், பல கிளைகள் உள்ள பிராண்டு கடைகளுக்கு இல்லை. நட்சத்திரத்தால் மிகவும் அடிபடுவதும் பிழைப்பதும் உள்ளூர்ச் சிறு கடைகளே. இன்னொன்று: 2013இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில், ஒரு கருத்துக்கு ஆரம்பத்திலேயே செயற்கையாக ஒரு சாதக வாக்கைப் போட்டுவைத்தபோது, கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. முன்னால் இருப்பதைப் பார்த்தே பின்னால் வருபவர் எழுதுகிறார். முதல் ஐந்து கருத்து இப்படி அமைந்தால் ஆறாவது ஆள் மனத்தில் 2.6ஐ வைத்துக்கொண்டே உட்காருவார்.

சாப்பிடப் போகிறவர் இதைப் படிக்கும்போது சராசரியை விட்டுவிட்டு, எந்த நேரத்தில் எந்தப் பண்டம் என்று பார்க்க வேண்டும். மேலே உள்ள ஐந்தும் தெரிந்த ஒருவர் 12:30க்குப் போய், மூலை மேசையில் உட்கார்ந்து, மீனும் வறுவலும் கேட்டு, சாப்பிட்டு முடிக்கும் முன்பே பில் சொல்லிவிட்டால் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

எழுதுகிறவர் தயவுசெய்து நேரத்தை எழுதுங்கள். ஆர்டர் கொடுத்த நேரம், தட்டு வந்த நேரம், எங்கே உட்கார்ந்தீர்கள், முதல் வாயில் எப்படி, பாதியில் எப்படி. "சமைக்கத் தெரியவில்லை" என்பதற்குப் பதில் "2:50க்கு வந்த சூப் கரித்தது, கோழி ஐந்து நிமிடத்தில் வந்தது, வறண்டிருந்தது" என்று எழுதினால் அடுப்படியில் இருப்பவருக்கு அன்றே காரணம் தெரிந்துவிடும். அதைவிட நல்லது இரண்டாவது வாயிலேயே பரிமாறுபவரைக் கூப்பிட்டுச் சொல்வது. கரிக்கும் சூப்பை மாற்ற இரண்டு நிமிடம் போதும். காலித் தட்டோடு சொல்லும் குறையை அங்கே யாராலும் சரிசெய்ய முடியாது.

பரிமாறுபவரின் கேள்வியும் மாற வேண்டும். "எல்லாம் ஓகேவா?" என்றால் தலை ஆடும், அத்தோடு முடிந்தது. தட்டு வைத்து இரண்டு நிமிடம் கழித்து வந்து "சூப்ல உப்பு சரியா இருக்கா?", "வறுவல் மொறுமொறுன்னு இருக்கா?" என்று பெயர் சொல்லிக் கேட்டால் பதில் வரும். பதிலை ஆர்டர் சீட்டின் பின்பக்கத்தில் நேரத்தோடு குறித்துவைத்தால் இந்த ஆய்வு முழுவதையும் ஒரு கடை தானே செய்துகொள்ளலாம்.

செய்யும் வரிசை: பானைக்கு மூடியும் சீட்டைப் பின்னோக்கி எண்ணிக் கூப்பிடுவதும் அடுத்த நாளே, ஏனென்றால் இரண்டுக்கும் செலவில்லை. பில் பொறுப்பு அந்த வாரத்திலேயே. கூடுதல் கோழி சுடும் நேரத்தை இரண்டு மூன்று சனிக்கிழமை விற்பனையைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். ஒலிபெருக்கியை மாற்ற ஆள் வரும்வரை மூன்றாம் மேசையைக் கடைசியாக நிரப்ப வேண்டும், அங்கே உட்காருபவரிடம் "கொஞ்சம் சத்தமா இருக்கும், மூலை மேசை காலியானதும் மாத்தித் தரட்டுமா?" என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.